நாடகம் காட்ட வேண்டியது எடையையா, மனத்தையா?

ஒரு நோயைப் பற்றி விழிப்புணர்வு ஊட்ட எடுக்கப்படும் நாடகமே அந்த நோய்க்கு வழிகாட்டி ஆகிவிடக் கூடுமா? உணவுக் கோளாறுகளைக் கருவாகக் கொண்ட தொலைக்காட்சிப் படங்களைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி எழுகிறது.

உணவுக் கோளாறு ஒரு மனநோய். பருத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கி மெலிந்துகொண்டே போவது அனோரெக்சியா. அளவின்றி உண்டுவிட்டு, குற்ற உணர்வால் அதை வெளியேற்ற முயல்வது புலிமியா. மனநோய்களுள் அதிக உயிர்களைப் பறிப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று.

அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு ஏபிசி நிறுவனம் ‘தி பெஸ்ட் லிட்டில் கேர்ள் இன் தி வோர்ல்ட்’ என்ற படத்தை ஒளிபரப்பியது. மனநல சிகிச்சையாளர் ஸ்டீவன் லெவன்கிரான் எழுதிய நாவலே அதன் மூலக்கதை. 1983இல் பாடகி கேரன் கார்ப்பென்டர் இந்நோயின் பாதிப்பால் 32 வயதில் மறைந்தார். அவரது வாழ்க்கையை சிபிஎஸ் 1989இல் படமாக்கியது. குடும்பங்கள் பேசத் தயங்கிய நோயை இப்படங்கள் வரவேற்பறைக்கே கொண்டுவந்தன. அது பெரும் நன்மை.

ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 1981ஆம் ஆண்டுப் படத்திற்காக நடிகை ஜெனிஃபர் ஜேசன் லீ தம் எடையை வெகுவாகக் குறைத்தார். எத்தனை கிலோ என்பதை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறோம். நலமுடன் இருப்பவருக்கு அந்த எண் எச்சரிக்கையாகத் தோன்றும். நோயில் சிக்கியவருக்கோ அதுவே எட்ட வேண்டிய இலக்காகிவிடலாம். உணவை மறைக்கும் தந்திரங்களை விரிவாகக் காட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு.

என்பிசியின் ‘கேட்ஸ் சீக்ரட்’ (1986) வேறுவிதமானது. மெரிடித் பாக்ஸ்டர் நடித்த இல்லத்தரசி பார்வைக்கு நலமாகவே இருப்பார். புலிமியா உள்ளவர்களில் பலர் இயல்பான எடையுடன் இருப்பதால் வீட்டாருக்கே நோய் தெரிவதில்லை. எலும்பும் தோலுமான உருவத்தை மட்டும் திரையில் கண்டு பழகிய பெற்றோர், “நம் பிள்ளை அப்படி இல்லையே” என்று இருந்துவிடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் கதை இன்னொரு தவறான எண்ணத்தையும் தரலாம். உண்மையில் குணமடையப் பல ஆண்டுகள்கூட ஆகலாம்.

ஆகவே பெற்றோர்களே, இத்தகைய நாடகத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். குடும்பத்தோடு உண்ண மறுப்பது, உண்டவுடன் குளியலறையில் நெடுநேரம் இருப்பது போன்ற மாற்றங்களைக் கவனியுங்கள். எடையைப் பற்றிக் கேலி வேண்டாம். மனத்தில் உள்ள வருத்தத்தைப் பரிவோடு கேளுங்கள். தாமதிக்காமல் மருத்துவரை நாடுங்கள்.