கன்சோலா, கம்ப்யூட்டரா? மலைமேல் போடும் கணக்கு

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கேம் ஆட ஒன்று வாங்கித் தரச் சொல்கிறான். பிஎஸ்5 வாங்கலாமா, அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு நல்ல கம்ப்யூட்டராகவே வாங்கிவிடலாமா? சிறுமலையில் வாழையும் மிளகும் போட்டிருக்கும் அண்ணன் ஒருவர் டீக்கடை பெஞ்சில் என்னிடம் கேட்டது இது. கேள்வி சின்னதுதான், ஆனால் போடப்போகும் பணம் ஐம்பதாயிரத்துக்கு மேல். அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பேசினோம். இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால் அதை எழுதுகிறேன்.

முதலில் அண்ணனின் பயத்தைப் பேச வேண்டியிருந்தது. "ஏந் தம்பி, ஆன்லைன் கேம்னாலே ரம்மி, கடன்னுதானே பேப்பர்ல வருது?" என்றார். நியாயமான பயம். ஆனால் அது வேறு, இது வேறு. பணம் வைத்து ஆடும் ரம்மி, போக்கர் போன்றவற்றுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்டது. நாம் பேசுவது கார் ஓட்டுவது, பந்து உதைப்பது, கதைக்குள் நடந்துபோவது போன்ற வீடியோ கேம்களை. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கேமுக்குள்ளேயே உடை, ஆயுதம் என்று விற்பார்கள். உங்கள் ஏடிஎம் கார்டு எண்ணை அதில் சேமித்து வைக்காதீர்கள். கன்சோலிலும் விண்டோஸிலும் பிள்ளைகள் செலவழிப்பதையும், எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பதையும் பெற்றோரே கட்டுப்படுத்த வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கன்சோல் என்பது டிவியில் மாட்டி கேம் ஆடுவதற்கென்றே செய்த பெட்டி. சோனியின் பிளேஸ்டேஷன் (சுருக்கமாக பிஎஸ்), மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் இரண்டும்தான் இங்கே முறையாகக் கடையில் கிடைப்பவை. நிண்டெண்டோ ஸ்விட்ச் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்காகத்தான் கிடைக்கும். கெட்டுப்போனால் வாரண்டிக்கு அலைய வேண்டும். கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதில் கிராபிக்ஸ் கார்டு என்ற பாகம் தனியாக இருந்தால் பெரிய கேம்களும் ஓடும்.

திண்டுக்கல்லிலிருந்து மலைக்கு ஏறுகிற பஸ்ஸையும் சொந்த ஜீப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும், பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, ஆனால் அது போகும் வழியில்தான் போக முடியும். ஜீப்பில் நினைத்த தோட்டத்துக்குப் போகலாம், மூட்டை ஏற்றலாம். ஆனால் டயரும் டீசலும் நம் தலையில். கன்சோல் அந்த பஸ், கம்ப்யூட்டர் அந்த ஜீப்.

கன்சோல் மட்டும் எப்படி மலிவாகக் கிடைக்கிறது என்று அண்ணன் கேட்டார். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ம் தேதி வந்தது. டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. பிறகு ஐயாயிரம் ஏறி 54,990, 44,990 ஆயிற்று. அதே தரத்தில் கேம் ஓட்டும் கம்ப்யூட்டரை அந்த விலைக்குக் கட்ட முடியாது. கிராபிக்ஸ் கார்டு ஒன்றே இருபத்தைந்து, முப்பதாயிரத்தை விழுங்கிவிடும். கன்சோல் கம்பெனிகள் பெட்டியை விற்று லாபம் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் இதுவரை லாபமே வந்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட்டின் அதிகாரி 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அவர்களுக்கு வருமானம் கேம் விற்பனையிலும் சந்தாவிலும். பிஎஸ்5 வந்தபோது புதிய பெரிய கேம் ஒன்றின் விலை 4,999 ரூபாய் வரை போனது. காசு கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் நண்பர்களோடு ஆடவும் கன்சோலில் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தச் சந்தா கிடையாது.

கம்ப்யூட்டருக்குக் கேம் விற்கும் பெரிய கடை ஸ்டீம். 2015-லிருந்து அதில் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். தள்ளுபடி நாட்களில் பழைய கேம்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். எபிக் என்ற இன்னொரு கடை 2018 டிசம்பரிலிருந்து கேம்களை இலவசமாகவே கொடுத்துவருகிறது. ஆக, கன்சோலில் பெட்டி மலிவு, கேம் விலை. கம்ப்யூட்டரில் பெட்டி விலை, கேம் மலிவு. நான்கைந்து வருடம் ஆடுவதாகக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இதுவரை சொன்னது சென்னைக்கும் பொருந்தும், கோவைக்கும் பொருந்தும். சிறுமலைக்கென்று ஒரு கணக்கு தனியாக இருக்கிறது. பெட்டியின் வேகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபி வரும். ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 என்ற கேம் கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கும். அண்ணன் வீட்டில் நெட் என்றால் செல்போன் ரீசார்ஜ்தான், நாளைக்கு 2 ஜிபி. 100 ஜிபி கேமை அதில் இறக்க 50 நாள் ஆகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் போனைத் தொடாமல் இருந்தால். கீழே திண்டுக்கல்லில் நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் அதே கேம் நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடும். மலைக்கும் கீழுக்கும் நடுவே இருப்பது 18 கொண்டை ஊசி வளைவுதான். ஆனால் கேம் விஷயத்தில் 50 நாளுக்கும் ஒரு சாயங்காலத்துக்கும் உள்ள தூரம் அது.

அதனால் மலைவீட்டில் டிஸ்க்குக்குத் தனி மரியாதை உண்டு. பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை அடங்கும். டிஸ்க்கைச் செருகினால் கேம் அதிலிருந்தே பெட்டிக்குள் ஏறும். நெட் இல்லாமலே கதை கேம்கள் பலவற்றை ஆடலாம். பிஎஸ்4-க்கு வந்த டிஸ்க்குகளும் இதில் பெரும்பாலும் ஓடும் என்பதால் செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கு நிறையக் கிடைக்கும். ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனுக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது.

இதிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. எல்லா டிஸ்க்கிலும் முழு கேம் இருக்காது. 2022-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-வின் பிஎஸ்5 டிஸ்க்கில் சுமார் 70 எம்பிதான் இருந்தது. மீதி முழுவதையும் நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். ஆகவே அட்டைப்பெட்டியில் இணையம் தேவை என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இரண்டாவது, விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்துக்காட்டும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், பிஎஸ்5 டிஜிட்டல் இரண்டிலும் டிஸ்க் போட வழியே இல்லை. ஊரில் ஃபைபர் இருப்பவருக்கு அது லாபம், மலையில் இருப்பவருக்கு முழு நஷ்டம். புதிய மெலிந்த பிஎஸ்5 டிஜிட்டலுக்கு டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்பது உண்மை. அதை முதல்முறை இணைக்கும்போதும் நெட் வேண்டும்.

அப்படியென்றால் மலைக்கு கம்ப்யூட்டரே ஆகாதா? ஆகும், ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் கேம்கள் இப்போது டிஸ்க்கில் வருவதில்லை, எல்லாம் பதிவிறக்கம்தான். ஆனால் இறக்கியதைத் தூக்கிக்கொண்டு போகலாம். கீழே ஃபைபர் உள்ள நண்பன் வீட்டில் அதே கேம் இருந்தால், அவன் கம்ப்யூட்டரில் ஸ்டீம் ஃபோல்டரைத் திறந்து, ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் காமன் என்று போனால் கேமின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை ஹார்டு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்துவந்து நம் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் வைத்து, ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுத்தால், இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்துவிட்டுக் குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும். கேமை நம் கணக்கில் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப் என்றால் இந்த நகல் வேலையும் வேண்டாம். பையில் போட்டு பஸ்ஸில் கீழே கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் ஏறிவரலாம். ஒருமுறை நெட்டில் திறந்துவிட்டால், பிறகு ஸ்டீமில் ஆஃப்லைன் முறையில் கதை கேம்கள் ஓடும்.

அடுத்தது கரண்ட். பிஎஸ்5 ஓடும்போது ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட். மானிட்டரோடு சேர்த்து 400 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் என்றால் 48 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பில் பெரிதாகப் பயமுறுத்தாது. பயம் திடீரென்று கரண்ட் போவதில்தான். கேம் சேமிக்கப்படும் நேரத்தில் நின்றால் ஆடியது அழியலாம், சில நேரம் பெட்டிக்குள் சேமித்திருப்பதும் கெடலாம். டெஸ்க்டாப் வாங்கினால் யுபிஎஸ் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது; பேட்டரியில் கேம் முழு வேகத்தில் ஓடாவிட்டாலும் சேமித்து மூட நேரம் கிடைக்கும். ஐப்பசி இடி மழையில் எந்தப் பெட்டியாக இருந்தாலும் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

பிறகுதான் பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி: என்ன கேம் ஆடப்போகிறாய்? நண்பர்களோடு வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்றால் அதற்குக் கம்ப்யூட்டரும் மவுஸும்தான் ஏற்றவை. இரண்டும் இலவசம், ஆனால் ஆடும் நேரமெல்லாம் நிலையான நெட் வேண்டும். தம்பி, தங்கையோடு டிவி முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட்டோ ஃபுட்பாலோ ஆட வேண்டும் என்றால் கன்சோலுக்கு இணை இல்லை. இரண்டாவது கன்ட்ரோலருக்கு இன்னொரு ஐந்து, ஆறாயிரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் போன்ற சோனி கேம்கள் 2018-ல் கன்சோலுக்கு வந்து, 2022-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தன. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013-ல், கம்ப்யூட்டருக்கு 2015-ல். காத்திருக்கப் பொறுமை உள்ளவனுக்குக் கம்ப்யூட்டரில் பெரும்பாலானவை வந்து சேரும்.

கடைசியாக, கேம் ஆடாத நேரத்தில் அந்தப் பெட்டி என்ன செய்யும்? பிஎஸ்5-இல் ஆட்டோகேட் கற்க முடியாது, புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க முடியாது. காந்திகிராமத்துக்கோ திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்குக்கோ போகும் பையனுக்கு இது பெரிய விஷயம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இருந்தும் ஜிடிஏ வைஸ் சிட்டி போன்ற பழைய கேம்கள் அவற்றில் ஓடின. அதே லேப்டாப்பில்தான் பிள்ளைகள் புரோகிராமும் கற்றார்கள். ஒரே பெட்டி ஆட்டத்துக்கும் பிழைப்புக்கும் வழிகாட்டும் என்பதை நம் வீடுகள் அப்போதே பார்த்துவிட்டன.

பெரிய காசு போட்டால்தான் நல்ல கேம் என்பதும் இல்லை. 2023-ல் வந்த 'வெண்பா' என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. முதல் அத்தியாயத்திலேயே இட்லி அவிக்க வேண்டும். அம்மாவின் சமையல் புத்தகம் கிழிந்து, எழுத்து மங்கிக் கிடக்கும். தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை முதல் படைப்புக்காக வாங்கியது. அது சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், கன்சோலிலும் ஓடும். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பையனோடு உட்கார்ந்து அம்மாவும் ஆடலாம்.

அண்ணனுக்கு நான் சொன்ன முடிவு இது. பையன் கல்லூரிக்குக் கீழே போய்வரப் போகிறான், வீட்டில் ஃபைபர் இல்லை. ஆகவே கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். எழுபது, எண்பதாயிரம் ஆகும். 16 ஜிபி ராம், 512 ஜிபிக்குக் குறையாத எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். படிப்புக்கு வேறு கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடத்தான் என்றால், டிஸ்க் போடும் பிஎஸ்5. திண்டுக்கல் டவுனுக்குள் ஃபைபரும் ஒரு மேசையும் இருக்கிற வீட்டுக்கு டெஸ்க்டாப்; பின்னால் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். இருபதாயிரத்துக்குள் என்றால், நம்பிக்கையானவரிடம் ஓட்டிப் பார்த்து வாங்கிய பழைய பிஎஸ்4-உம் நான்கு டிஸ்க்குகளும் போதும்.

கடைக்குப் போகும் முன் பிள்ளையை உட்காரவைத்து, ஆட நினைக்கும் மூன்று கேம்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி, டிஸ்க்கில் வருகிறதா, நெட் இல்லாமல் ஓடுமா, அவன் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே எதை வாங்குவது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஃபைபர் வராத வீட்டுக்கு, டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோலை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.