பத்து நிமிடப் படமும் திரைத்தொழிலின் வாயிலும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ஒரு வளைவு தனித்து நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையத்தின் முகப்பாக விளங்கியது அது. லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் பயின்று வந்த திரு. டி. ஆர். சுந்தரம் நிறுவிய நிலையம். 1950-ல் 'மந்திரி குமாரி'யும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-லும் அந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தன. திரைத்தொழில் கற்க ஆசைப்பட்ட நம் பக்கத்து இளைஞனுக்கு அந்த வாயில் உள்ளூரிலேயே இருந்தது. உள்ளே நுழைவது எளிதாயிருந்தது என்று சொல்ல வரவில்லை. நடந்து போய் நிற்கும் தூரத்தில் இருந்தது, அவ்வளவே.

பின்னர் வாயில் சென்னைக்குப் போய்விட்டது. அங்கே ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் தனிப்படம் என்பது வழக்கமாயிற்று. 'எனக்குத் தொழில் தெரியும், இதோ மாதிரி' என்று எவரும் எடுத்துக் காட்டக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடும், ஆனால் செலவு இடம் தராது. 1000 அடி படச்சுருள் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். ஒரு காட்சியை மூன்று முறை எடுத்தால் சுருளும் மூன்று மடங்கு. அதன்மேல் கழுவும் கூலி, பிரதி எடுக்கும் கூலி. ஒரு குமாஸ்தாவின் மகனால் இயலுகிற காரியமா?

எண்முறைக் காமிராக்கள் வந்தபின் இந்தத் தடை தளர்ந்தது. 2008-ல் வெளிவந்த கேனான் 5டி மார்க் 2 என்ற புகைப்படக் காமிரா, திரைப்படத்தை நெருங்கும் தரத்தில் அசையும் படமும் எடுத்தது. அதையொட்டிய காலத்திலேயே கலைஞர் தொலைக்காட்சி 'நாளைய இயக்குநர்' என்னும் குறும்படப் போட்டியைத் தொடங்கியது. ('மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதியவரின் சிறப்புப் பெயரைத் தாங்கிய தொலைக்காட்சி அது. சேலத்து வாயிலுக்கும் இந்தப் புதிய வாயிலுக்கும் இப்படியொரு உறவு!)

இப்போட்டி செய்த உதவியைப் பரிசுத்தொகையைக் கொண்டு அளப்பது தவறு. சுற்றுக்குச் சுற்று குறித்த நாளில் ஒரு படம் முடித்துத் தந்தாக வேண்டும். குறைகளை நடுவர்கள் எல்லோர் முன்னிலையிலும் எடுத்துரைப்பார்கள். ஒருவர் படத்துக்கு மற்றவர் உதவுவதால் நடிகர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் என ஒரு குழுவே உடன் வளர்ந்துவிடும். யாவற்றுக்கும் மேலாக, பணம் போடுபவரின் அச்சம் குறையும். பத்து நிமிடத்தில் கதை சொல்லத் தெரிந்தவரை இரண்டு மணி நேரப் படத்துக்கு நம்புவது, வாய்மொழியாகக் கதை கேட்டு நம்புவதைக் காட்டிலும் எளிதல்லவா?

விளைவைப் பாருங்கள். கணினித் துறையிலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் 'பீட்சா'வை இயக்கினார். நலன் குமாரசாமி 2013-ல் 'சூது கவ்வும்' தந்தார். இரண்டையும் தயாரித்தவர் சி. வி. குமார் ஒருவரே. இரண்டிலும் நாயகன், குறும்படங்களில் நடித்துப் பழகிய விஜய் சேதுபதியே. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி', ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி' ஆகியவை முதலில் குறும்படங்கள். அதே பெயரில் முறையே 2012-லும் 2014-லும் முழுப்படங்களாக வளர்ந்தன.

இம்முறை சினிமாவுக்கு மட்டும் உரியதன்று. நம் சமவெளியில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் காண்பதுதான். அமெரிக்காவிலோ பனிச்சறுக்கு வீரர்களைப் படம்பிடிக்கும் லெவல் 1 என்ற நிறுவனம், பெயரறியா இளைஞர்கள் தம் சாகசங்களைத் தாமே படமெடுத்து அனுப்பும் 'சூப்பர்அன்நோன்' என்ற போட்டியை நடத்தி வந்திருக்கிறது. 2007-ல் அதில் வென்ற டாம் வாலிஷ் என்ற இளைஞர், 2013-ல் நார்வே நாட்டில் அவ்விளையாட்டின் ஒரு பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார்.

ஆனால் போட்டியில் கலந்துகொண்டோர் அனைவரும் இயக்குநராகிவிடவில்லை. பெரும்பாலோர் வேறு தொழில்களுக்குச் சென்றிருப்பார்கள். இதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நான் செய்யும் துரோகமாகும்.

என் மாணவன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநரின் மகன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, கோழிப்பண்ணையில் நள்ளிரவில் முட்டை ஏற்றுவதைக் கைபேசியில் படமாக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டான். பொதுத்தேர்வு நெருங்குகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன், படத்தைப் பார்க்கவுமில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றான். இன்று திருமணப் படங்களைத் தொகுத்துத் தரும் கடை வைத்து நன்றாகவே வாழ்கிறான். சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவனிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏழு நிமிடம், பேச்சே இல்லை, முட்டை அட்டைகள் கைமாறும் ஓசை மட்டும். நன்றாயிருக்கிறது, கடைசிக் காட்சிதான் சற்று நீளம் என்றேன்.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே, சார்" என்று சிரித்தான்.