வாப்பாவின் மொரிஸுக்கு எந்த எஞ்சின்?

பஞ்சிகாவத்தையில் கடை வைத்திருப்பவனிடம் பழைய கார்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நானா, இதுக்கு எந்த எஞ்சின் நல்லம்?" என்பதுதான். சில மாதங்களுக்கு முன்னர் மாத்தளையிலிருந்து வந்த தம்பி ஒருவரும் இதையே கேட்டார். அவருடைய வாப்பா மௌத்தாகி மூன்று வருடங்களாகின்றன. வாப்பா ஓட்டிய 1961 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுப்பதில்லை. கராஜ் பாஸ், "வேன் டீசல் எஞ்சின் ஒண்டப் போட்டுடலாம், எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார். உம்மாவோ, "வாப்பாட காரக் கெடுத்துடாதே மகன்" என்கிறார். தம்பியின் கையில் ஐந்து இலட்சம் ரூபா இருந்தது.

நான் எஞ்சின் விற்கிறவன். ஆனாலும் அன்று அவருக்கு எஞ்சின் விற்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் இவ்வளவும் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலை ஏறியதை நாமெல்லோரும் பார்த்தோம். இரும்புக் கடைக்குப் போகவிருந்த கார்கள் வீதிக்கு வந்தன. வந்தது நல்லதுதான். ஆனால் அவசரத்தில் எஞ்சின் மாற்றி, காரையும் காசையும் இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

மொரிஸ் மைனர் 1948 இல் 918 சீசீ எஞ்சினுடன் வந்தது. 1952 இல் 803 சீசீ, 30 குதிரைவலு. 1956 இல் 948 சீசீ, 37 குதிரைவலு. 1962 இல் 1098 சீசீ, 48 குதிரைவலு. இந்தக் கடைசி மாற்றத்தைச் சற்று நின்று பாருங்கள். கம்பனிக்காரன் கூட்டியது பதினொரு குதிரைவலுதான். அதற்காக அவன் கிளச் தட்டைப் பெரிதாக்கினான், கியர் பொக்ஸைப் பலப்படுத்தினான், டிப்ரன்சலை 4.55 இலிருந்து 4.22 ஆக்கினான், முன் பிரேக் டிரம்மை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாக்கினான். வடிவமைத்த கம்பனியே இப்படியென்றால், நமது கராஜில் ஒரே நாளில் அறுபது எழுபது குதிரைவலு எஞ்சினை இறக்கிவிட்டு, "சும்மா பறக்கும் நானா" என்று சொல்வதை என்னவென்பது?

இது எனக்கும் பாடம் படித்துத்தான் தெரியும். தொண்ணூறுகளில் என்னுடைய மொரிஸுக்கு டொயோட்டா 5கே போட்டேன். 1486 சீசீ. ஏற்றமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பிரேக் மட்டும் பழையது. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கண்டியிலிருந்து கொழும்புக்கு வரும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் டிரம் சூடாகி, பெடல் கல்லைப் போல இறுகிவிட்டது. எவ்வளவு மிதித்தும் கார் நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை இழுத்து, வீதியோர மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். எஞ்சின் பொருத்திய பாஸிடம் கோபித்துப் பயனில்லை. பிரேக்கைப் பற்றி அவரிடம் நான் கேட்கவேயில்லை.

எது பொருந்தும்?

மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், படுக்கை வாட்டில் அமையும் நான்கு சிலிண்டர் எஞ்சினை மனதில் வைத்தே முன்பக்கத்தை அகலமாக அமைத்தார். அந்த எஞ்சின் வரவேயில்லை. ஆனால் பொனட்டுக்கு அடியில் இடம் மிஞ்சியது. எதையும் அதில் போடலாம் என்ற ஆசை பிறப்பது அதனால்தான்.

வேறு எஞ்சின்தான் வேண்டுமென்றால் என்னுடைய தெரிவு டட்சன் 1200 காரின் ஏ12. நிசான் 1950 களில் ஒஸ்டின் கார்களை அனுமதிப்பத்திரம் பெற்றுப் பூட்டிப் பழகிய கம்பனி. 1966 இல் அது சனி காருக்குச் செய்த ஏ வகை எஞ்சின், மொரிஸ்காரருக்கு அந்நியமாகத் தெரியாது. ஏ12 இன் அளவு 1171 சீசீ. கிராங்கைத் தாங்க ஐந்து பெயாரிங்குகள், மொரிஸில் மூன்றுதான். ஹெட் அலுமினியம் என்பதால் பாரமும் குறைவு. டொயோட்டா 4கே 1290 சீசீ, அதுவும் உழைப்பாளிதான். ஐந்து கியர் பொக்ஸுடன் சேர்த்து எடுத்தால் அதிவேகப் பாதையில் எஞ்சின் அலறாது. மினி கார் 1275 ஐ மலிவாகக் கண்டு வாங்கிவிடாதீர்கள். அது குறுக்காக உட்காரும் எஞ்சின், மொரிஸில் அப்படியே உட்காராது.

டீசலைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். வேன்களில் வரும் டொயோட்டா 2சீ 1974 சீசீ. நல்ல எஞ்சின், வேனுக்கு. மைனரின் முன் சஸ்பென்ஷன் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. ஸ்டேரிங் கனக்கும், மவுண்டிங் வெடிக்கும், வெல்டிங் விடும். மாதம் இருநூறு கிலோமீற்றர் ஓடுகிறவர் எண்ணெயில் மிச்சம் பிடித்து அந்தச் செலவை எப்போது திரும்ப எடுப்பார்? கல்குலேட்டரை எடுத்து ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

எஞ்சினுக்கு ஒன்று, மற்றவைக்கு இரண்டு

என்னுடைய கடைக் கணக்கு இதுதான். எஞ்சினுக்கு ஒரு ரூபா என்றால் மற்றவைக்கு இரண்டு ரூபா ஒதுக்க வேண்டும். மவுண்டிங், புரப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், வயரிங், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக். இந்த இரண்டு ரூபா இல்லாதவர் அந்த ஒரு ரூபாவையும் செலவழிக்காதிருப்பதே இலாபம்.

அடுத்தது புத்தகம். வாகனப் பதிவில் எஞ்சின் இலக்கம், சீசீ, எரிபொருள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே பில்லையும் இறக்குமதிப் பத்திரங்களையும் கேட்டு வாங்குங்கள். "பிறகு தாரேன்" என்ற சொல்லுக்குப் பஞ்சிகாவத்தையில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பதியாத எஞ்சினுடன் விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அந்த இலக்கத்தைத்தான். பழைய எஞ்சினை என்ன காரணத்துக்காகவும் இரும்புக்குப் போடாதீர்கள். இலக்கம் பொருந்தும் எஞ்சினுடன் இருக்கும் காருக்கு விலை வேறு.

மாத்தளைத் தம்பியிடம், முதலில் கம்ப்ரெஷன் பார்க்கச் சொன்னேன். இரண்டு சிலிண்டர்கள் முற்றாகத் தேய்ந்திருந்தன. ஆனால் புளொக் வெடிக்கவில்லை, கிராங்கும் அரைத்து எடுக்கக் கூடியதாகவே இருந்தது. போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஹெட்டைக் கழற்றும்போதே வால்வ் சீட்டுகளைக் கடின உலோகத்தில் மாற்றச் சொன்னேன். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நமது நாட்டில் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம்தான் பழைய சீட்டுகளைத் தேய்மானத்திலிருந்து காப்பாற்றி வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இழுவை போதாது என்ற குறை அப்போதும் தீராதே என்றார். நியாயம். உடைத்து விற்கும் 1098 மொரிஸ் ஒன்றைத் தேடச் சொன்னேன். எஞ்சின், கிளச், கியர் பொக்ஸ், டிப்ரன்சல், எட்டங்குல முன் பிரேக், எல்லாம் ஒரே காரிலிருந்து. வெட்டவோ ஒட்டவோ தேவையில்லை. உம்மாவின் கண்ணுக்கு அது வாப்பாவின் கார்தான்.

ஆறு வாரம் தேடி குருநாகல் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார், புத்தகத்துடன். பழைய 948 எஞ்சினை எண்ணெய் பூசி, பொலித்தீனில் சுற்றிக் கொட்டிலில் வைத்திருக்கிறாராம். கையில் காசு வரும்போது அதையும் போர் பண்ணுவாராம். என் கடையில் அவர் வாங்கியது ஒரு கேஸ்கட் செட்டும் ஒரு பேன் பெல்ட்டும்தான்.