தரிசில் முளைத்த பங்கீட்டுக் கடை

1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆந்திரப் பிரதேசத்தில் என்.டி. ராமராவ் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்குவதாக அவர் அளித்திருந்த வாக்குறுதி, பசியை நன்கறிந்த ஜனங்களுக்குப் பேராறுதலாக வந்து சேர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. பண்டிகைக்கும் விருந்துக்கும் மட்டுமே நெல்லுச்சோறு கண்ட வறண்ட பிரதேசங்களின் குடிசைகளில் அது அன்றாட ஆகாரமாயிற்று. ஆனால் கிருஷ்ணை, கோதாவரிப் பாசனச் சமவெளிகளில் விளைந்த அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்க இறங்க, மேதக் மாவட்டம் போன்ற மானாவாரிச் சீமைகளில் சோளமும் கேழ்வரகும் சாமையும் பயிரிட்டு வந்த ஏழைக் குடியானவனுக்குத் தன் நிலத்தை உழுவதற்குரிய நியாயமே மெல்ல மெல்லத் தேய்ந்து போயிற்று. உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் களையெடுப்புக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால் தன் வயலில் விளைந்த சோளத்தைக் காட்டிலும் கடையில் வாங்கும் அரிசியே மலிவாக இருந்தமையால், அவன் நிலத்தைத் தரிசாகப் போட்டான். நிலம் தரிசானபோது தானியம் மட்டுமா போயிற்று? மாட்டுக்குத் தட்டையும், பெண்களுக்குக் களையெடுப்பிலும் அறுவடையிலும் கிடைத்து வந்த கூலியும், ஊடுபயிராக விளைந்த துவரையும் அவரையும், களைகளோடு களையாய் முளைத்து யாரும் காசு கொடுத்து வாங்காத கீரைகளும் சேர்ந்தே போயின.

அரிசித் திட்டத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பசித்தவன் முன் வைக்கப்பட்ட சோற்றைத் தத்துவம் பேசி விலக்குவோருடன் எனக்கு உடன்பாடும் இல்லை. உணவின் விலையில் காணும் மலிவு தானாக அமைவதன்று, அது சர்க்காரின் பணத்தாலும் தீர்மானத்தாலும் உண்டாக்கப்படுவது என்ற விஷயத்தை இங்கே நினைவில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, கிடங்கில் காத்து, ரயிலேற்றி, ரேஷன் கடைக்குக் கொண்டு சேர்க்க இன்று கிலோவுக்கு 35 ரூபாய்க்கு மேல் பொதுப்பணம் செலவாகிறது. அந்தச் செலவை ஏற்றுக்கொண்ட பிறகே அரிசி மலிவாகவும் இலவசமாகவும் ஏழையின் பையில் விழுகிறது. அண்டை நிலத்தில், இரசாயன உரமும் நச்சு மருந்தும் இன்றி விளைந்த தானியத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டாததால்தான் அது நகரத்து அங்காடியில் பளபளப்பான பொட்டலத்தில் அமர்ந்து, அதை விளைவித்தவளே வாங்க முடியாத விலைக்கு விற்கிறது.

ராமராவ் ஆட்சிக்கு வந்த அதே 1983ஆம் ஆண்டில்தான், மேதக் மாவட்டத்தில் ஜஹீராபாத்தை அடுத்த பஸ்தாபூரை மையமாகக் கொண்டு, டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்னும் தொண்டு நிறுவனம் தன் பணியைத் தொடங்கிற்று. தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவரும், 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காலமானவருமான பி.வி. சதீஷ் அதன் ஸ்தாபகர்களுள் முதன்மையானவர். அதன் கிராமச் சங்கங்களில் உறுப்பினரானவர்களோ பெரும்பாலும் தலித் பெண்கள். ஓரிரண்டு ஏக்கர் மேட்டு நிலம் உடையவர்கள், பலர் எழுத்தறியாதவர்கள், ஆயினும் எந்த மண்ணில் எந்த விதை எந்த மழைக்கு முளைக்கும் என்பதைச் சிறு வயதிலேயே கற்றுத் தேர்ந்தவர்கள். 1990களின் நடுப்பகுதியில், மத்திய சர்க்காரின் கிராமாபிவிருத்தி அமைச்சகம் அளித்த நிதியைக் கொண்டு, சுமார் 30 கிராமங்களில் இவர்கள் தொடங்கிய மாற்றுப் பங்கீட்டு முறை, விவசாயத்தையும் தர்மத்தையும் வியாபாரத்தையும் ஒரே கணக்கேட்டில் பொருத்திய ஓர் ஏற்பாடு என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கிராமத்திலும் பெண்களே ஒரு குழு அமைத்து, தரிசாகக் கிடக்கும் நிலங்களையும் அவற்றின் உடைமையாளரான சிறு விவசாயிகளையும் இனங்கண்டனர். அந்த விவசாயிக்கு உழவுக்கு ஒரு தவணை, எருவடிக்க ஒரு தவணை, விதைக்கவும் களையெடுக்கவும் வேறொரு தவணை என்று முன்பணம் அளிக்கப்பட்டது. வேலை நடந்ததா என்று பார்த்து வருவதும் குழுப் பெண்களின் பொறுப்பே. அந்தக் கடனை ரொக்கமாக அல்லாமல் சில ஆண்டுகளில் தானியமாகவே திருப்பித் தர வேண்டும் என்பதுதான் ஏற்பாட்டின் சூட்சுமம். திரும்பி வந்த சோளம் எங்கோ தொலைவிலுள்ள கிடங்குக்குப் போகாமல், அதே கிராமத்தில், பெண்களின் காவலிலேயே சேமிக்கப்பட்டு, வேலையும் கூலியும் அற்றுப்போய் வீட்டுக் குதிரும் காலியாகும் மழைக்கால மாதங்களில், ஊரிலுள்ள மிக ஏழைக் குடும்பங்களுக்குச் சந்தை விலையைவிட வெகுவாகக் குறைத்து வழங்கப்பட்டது. விற்ற பணம் வங்கியில் சேர்ந்து, அடுத்தடுத்த பட்டங்களில் மேலும் சில ஏக்கர் தரிசை உழுவதற்கு முதலாயிற்று. முதல் ஆண்டிலேயே 2,500 ஏக்கருக்கு மேற்பட்ட தரிசு உழவுக்கு வந்தது.

யார் ஏழை என்று தீர்மானிப்பது நம் நாட்டில் அதிகாரிகளைத் திணற வைத்த பெரும் பிரச்சினை; தகுதியற்றவர் கையில் குடும்ப அட்டை இருப்பதும் தகுதியுள்ளவர் பெயர் விட்டுப்போவதும் நாம் நித்தமும் கேட்கும் புகார்கள். ஜஹீராபாத் கிராமங்களில் ஊர் ஜனங்கள் ஒரு பொது இடத்தில் கூடி, இன்னார் வீட்டில் நிலம் இல்லை, இன்னாருக்குத் துணையில்லை, இன்னாருக்குக் குழந்தைகள் அதிகம் என்று வெளிப்படையாகப் பேசி, வறுமையின் தாரதம்மியத்தையும் தாங்களே வகுத்து, அதற்கேற்பத் தானியத்தின் அளவையும் கூட்டியும் குறைத்தும் நிர்ணயித்தனர். அண்டை வீட்டாரின் கண் முன்னால் பொய் சொல்வது விண்ணப்பத் தாளில் பொய் எழுதுவதைப் போல அத்தனை சுலபமன்று.

விளைச்சல் முறையும் கவனிக்கத்தக்கது. ஒரே வயலில் சோளம், தினை, சாமை, துவரை, பச்சைப்பயறு, எள் என்று பல பயிர்களைக் கலந்து விதைப்பதால், மழை முன்பின் ஆனாலும் ஏதேனும் ஒன்று பலன் தராமற் போகாது. மண்ணுக்குப் பயறும் மாட்டெருவுமே உரம். விதைகளைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து வீட்டிலேயே காக்கின்றனர். ஆண்டுதோறும் தை மாதத்தில் அவ்விதைகளை மாட்டுவண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் 'பாத பண்டல ஜாத்ரா', அதாவது பழம்பயிர்த் திருவிழா, இப்போது பிரசித்தமாகிவிட்டது. இயற்கை விளைபொருளுக்கு நற்சான்றிதழ் பெறவே பெருந்தொகை செலவாவதும் அதன் விலையேற்றத்துக்கு ஒரு காரணம். இவர்களோ விவசாயிகள் ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் முன்னணியில் நின்றனர்.

சான்றிதழைவிடப் பெரிய தடை ஆலையில் இருக்கிறது. சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் இல்லாத கடினமான மேலுறை தினைக்கும் சாமைக்கும் வரகுக்கும் உண்டு. முன்னாளில் பெண்கள் உரலில் குத்திக் குத்தி அதை நீக்கினர். அந்த வேலையை யாரும் திரும்பவும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது. பாரம்பரியத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் உலக்கையைத் தாம் பிடிப்பதில்லை. இயந்திரமோ கிராமத்தில் இல்லை. நம் மலைகளில் விளைந்த சாமை லாரியேறி நாசிக் நகரத்து ஆலைகள் வரை போய், அரிசியாகி, பல கைகள் மாறித் திரும்பி வருவதும் உண்டு. அவ்வளவு பிரயாணம் செய்த தானியம் மலிவாக இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதெங்ஙனம்?

ஜஹீராபாத் முயற்சிக்கும் வரம்புகள் உண்டு. வெளியிலிருந்து வந்த ஆரம்ப நிதியும், ஆண்டாண்டு காலம் அங்கேயே தங்கி உழைத்த ஒரு நிறுவனத்தின் ஊக்கமும் இல்லாமல் அது முளைத்திராது. கரும்பும் பருத்தியும் ரொக்க லாபத்தைக் காட்டி அழைக்கும்போது சோளத்தைப் பிடித்து நிற்பது எல்லோராலும் ஆகிற காரியமன்று. மாநிலம் முழுவதற்கும் அந்த முறையை விஸ்தரிக்க எந்த சர்க்காரும் முன்வரவில்லை. 2019ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசு இப்பெண்களுக்குக் கிடைத்தது. பாராட்டுவதில் உலகம் காட்டிய உற்சாகம் பின்பற்றுவதில் இல்லை.

ஒடிசா ஓரளவு விலக்கு. அங்கே 2017ஆம் ஆண்டில் பழங்குடி மக்கள் மிகுந்த பகுதிகளில் தொடங்கப்பட்ட சிறுதானிய இயக்கம், கேழ்வரகை விவசாயிகளிடமிருந்து குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்கி, பங்கீட்டுக் கடைகளின் வழியாக வழங்கவும் செய்தது. தமிழ்நாட்டிலும் 2023ஆம் ஆண்டு மே மாதம் முதல், நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசி அட்டைதாரர்கள் விரும்பினால் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு பெறலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதற்காகக் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் என்ற ஆதரவு விலையில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட உழவர்களிடமிருந்தே கொள்முதல் நடந்தது. களியும் கூழும் இன்னும் மறக்கப்படாத தருமபுரியில் இது பொருத்தமான காரியமே. எனினும் கொள்முதல் நிலையம், கிடங்கு, லாரி, கடை என்ற நெடும்பாதையில்தான் அந்த இரண்டு கிலோவும் செல்கிறது. ஓர் ஊரில் விளைந்த கேழ்வரகு அதே ஊருக்கு வந்து சேரவும் அந்தச் சுற்றையே சுற்ற வேண்டியிருக்கிறது. பென்னாகரத்தையோ அரூரையோ சுற்றியுள்ள சில கிராமங்களில், வாங்குவதையும் சேமிப்பதையும் விற்பதையும் மகளிர் சுய உதவிக் குழுக்களிடமே ஒப்படைத்து, அவர்களுக்கு ஒரு மாவரைக்கும் இயந்திரமும் கொடுத்துப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே, நியாய விலைக் கடை உரிமத்தில் பஞ்சாயத்துகளுக்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் முன்னுரிமை அளிப்பதையும், உள்ளூர்ப் பங்கீட்டு முறைகளுக்கும் தானிய வங்கிகளுக்கும் ஆதரவு தருவதையும் தன் பன்னிரண்டாவது பிரிவில் சொல்லியிருக்கிறது.