கோர்ட்டுக்குப் போன தக்காளி

1886-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கியது ஒரு தக்காளிச் சரக்கு. வரவழைத்தவர் ஜான் நிக்ஸ் என்ற வியாபாரி. சுங்க அதிகாரி எட்வர்ட் ஹெடன் 10 சதவீத வரி கேட்டார். 1883-ஆம் ஆண்டுச் சட்டப்படி காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்குக் கிடையாது. நிக்ஸ் ஆட்சேபம் தெரிவித்துவிட்டுப் பணத்தைக் கட்டினார். மறு ஆண்டே அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார்.

தாவரவியல் அவர் பக்கம்தான். பூவின் சூலகம் முதிர்ந்து விதை தாங்கினால் அது கனி. அந்தக் கணக்கில் கத்தரி, வெண்டை, முருங்கை, பச்சை மிளகாய் எல்லாமே கனிகள்! காய்கறி என்றொரு வகையே தாவரவியலில் இல்லை. கேரட் வேர், கீரை இலை, காலிஃபிளவர் பூங்கொத்து, உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தது சமையற்கட்டுதான்.

விசாரணை நடந்த விதம் வேடிக்கை. நிக்ஸின் வக்கீல் அகராதிகளைப் பிரித்து பழம், காய்கறி, தக்காளி ஆகியவற்றுக்குப் பொருள் வாசித்தார். எதிர்த்தரப்பு விடுமா? பட்டாணி, கத்தரிக்காய், வெள்ளரி, பூசணி, மிளகாய் என்று அதுவும் வாசித்தது. பதிலுக்கு இவர் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் என்று ஆரம்பித்தார். சாட்சி சொன்ன இருவரும் 30 ஆண்டுகளாகப் பழமும் காய்கறியும் விற்றவர்கள். வியாபாரத்தில் இந்தச் சொற்களுக்குத் தனி அர்த்தம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

1893 மே 10 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தாவரவியல்படி தக்காளி கனிதான் என்பதை நீதிபதி ஹொரேஸ் கிரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஜனங்கள் அதைச் சூப், மீன், இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். சாப்பாடு முடிந்தபின் பழம்போல் பரிமாறுவதில்லை. ஆகவே அது காய்கறி. நிக்ஸுக்குப் பணம் திரும்பவில்லை.

என்னைக் கேட்டால் தீர்ப்பு சரிதான். வரி போடுவது சந்தைச் சரக்குக்கு. வாங்குகிறவர் அதை என்னவாக நினைத்து வாங்குகிறார் என்பதே அங்கே பேச்சு. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், ஜாம் பற்றிய 2001-ஆம் ஆண்டு விதியில் கேரட்டையே பழமாகக் கொள்ளலாம் என்று எழுதி வைத்தது. கேரட்டில் ஜாம் காய்ச்சுகிறவர்கள் அங்கே இருக்கிறார்களே!

நம் நாட்டுச் சுங்க வரி அட்டவணையில் 7-ஆம் அத்தியாயம் காய்கறிக்கு, 8-ஆம் அத்தியாயம் பழத்துக்கு. தக்காளி 7-இல் இருக்கிறது. வெள்ளரியும் தர்பூசணியும் ஒரே குடும்பத்துக் கொடிகள்; ஆனால் வெள்ளரி 7-இல், தர்பூசணி 8-இல்.