உண்டியலில் விழுந்த கடிதம்

அடுத்த அறையில் இருக்கும் தம்பிக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். என்ன செய்வீர்கள்? "டேய்!" என்று ஒரு குரல் கொடுப்பீர்கள். அதற்காகக் கடிதம் எழுதி, தபால் தலை ஒட்டி, தபாலில் சேர்ப்பவரைக் கண்டால் சிரிப்பீர்கள் அல்லவா? 1971-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் பொறியாளர் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்!

அவர் பெயர் ரே டாம்லின்சன். கேம்பிரிட்ஜ் என்னும் அமெரிக்க நகரில், போல்ட் பெரானெக் அண்டு நியூமன் நிறுவனத்தில் வேலை. அவருடைய கூடத்தில் இரண்டு கணிப்பொறிகள் அக்கம்பக்கமாக நின்றன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி போக ஒரே வழிதான் இருந்தது. அது ஆர்ப்பாநெட் என்னும் கணிப்பொறி வலை.

ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. அதைப் பயன்படுத்துவோர் தமக்குள் கடிதம் எழுதிக்கொள்ளும் வசதி 1965-லேயே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வந்துவிட்டது. ஆனால் அக்கடிதம் கணிப்பொறியின் வாசலைத் தாண்டாது.

'அஞ்சல் பெட்டி' என்றால் என்ன? மந்திரம் ஒன்றுமில்லை, அது ஒரு கோப்பு. கோயில் உண்டியலைப் பார்த்திருக்கிறீர்கள். யாரும் காசு போடலாம், எடுக்க முடியாது. சாவி உரியவரிடம் இருக்கும். இந்தக் கோப்பும் அப்படியே. பிறர் அதன் கடைசியில் புதிய வரிகளைச் சேர்க்கலாம். உள்ளே இருப்பதைப் படிக்கவோ மாற்றவோ இயலாது.

வலை வழியே கோப்புகளை அனுப்பும் நிரல் ஒன்றும் டாம்லின்சனிடம் இருந்தது. "முழுக் கோப்பையே அனுப்பலாம் என்றால், அங்கிருக்கும் உண்டியலில் நாலு வரி போடக் கூடாதா?" என்று தோன்றியது. இரண்டு நிரல்களையும் முடிச்சுப் போட்டார். மின்னஞ்சல் பிறந்தது! யாரும் அவரைச் செய்யச் சொன்ன வேலை அன்று அது.

முகவரியில் ஆளின் பெயரும் கணிப்பொறியின் பெயரும் வேண்டும். நடுவே, பெயர்களில் வராத ஒரு குறி வேண்டும். விசைப்பலகையில் சும்மா கிடந்த @ அகப்பட்டது. 'இன்ன இடத்தில்' என்பது அதன் பொருள். ஆனால் மல்டிக்ஸ் என்ற அமைப்பில் @ குறிக்கு 'இந்த வரியை அழி' என்று பொருள்! பாவம், அதைப் பயன்படுத்தியவர்கள் முகவரியை அடிக்க அடிக்க அது அழிந்துகொண்டிருந்தது.

முகவரி என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. கல்லூரி நாளில் முதன்முதலாகக் கணக்குத் தொடங்கி நண்பனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஓர் எழுத்துத் தவறிவிட்டது. உடனே 'மெயிலர் டீமன்' என்பவரிடமிருந்து பதில்! யாரோ வெளிநாட்டு அதிகாரி என்று எண்ணி, மன்னிப்புக் கேட்டு மறுகடிதம் போட்டேன். சேராத கடிதத்தைத் திருப்பி அனுப்பும் நிரல் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

டாம்லின்சனின் முதல் கடிதத்தில் என்ன இருந்தது? அவருக்கே நினைவில்லை! ஏதோ சோதனைக்காகத் தட்டிய எழுத்துகள்.

உண்டியலில் ஒரு தொல்லை உண்டு. செல்லாக் காசு போட்டாலும் அது வாங்கிக்கொள்ளும். 1978-இல் ஒரு விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பட்டியல் நீண்டு, மிஞ்சிய முகவரிகள் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன! வந்த வசவு கொஞ்சமல்ல. 1982-இல் வகுத்த அஞ்சல் விதிகளும் "அனுப்புவது நீர்தானா?" என்று சான்று கேட்கவில்லை. உறையின் மேல் யார் பெயரையும் எழுதலாம் என்பது போலத்தான். சோதனைகள் பின்னால்தான் சேர்ந்தன. இன்றும் அவற்றைத் தாண்டி வருவன உண்டு.

ஆகவே, "வங்கியிலிருந்து எழுதுகிறோம், கடவுச்சொல்லைத் தருக" என்று மின்னஞ்சல் வந்தால் பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். யாரும் போடலாம் என்பதால்தான் அந்த உண்டியல் உலகமெங்கும் பரவியது. உள்ளே விழுந்தது நல்ல காசா என்று பார்ப்பது சாவி வைத்திருப்பவரின் வேலை. அந்தச் சாவி இப்போது உங்கள் கையில்!