“முழுசா சரியாயிடுச்சா?”

கீமோ முடிந்து தலையில் முடி துளிர்க்கும்போதுதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனவர்கள்தான், கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகிற வழியில் மறித்துக் கேட்கிறார்கள்: “இப்போ எப்படி இருக்கு? முழுசா சரியாயிடுச்சா?” ஆமாம் என்றால், டாக்டரே சொல்லாததைத் தான் சொன்னதாகிவிடும். தெரியவில்லை என்றால் எதிரே இருப்பவரின் முகம் வாடும். அதனால் மழுப்பலாகச் சிரித்துவிட்டு நகர்கிறவர்களே அதிகம்.

டாக்டர் ஏன் அடித்துச் சொல்வதில்லை? கல்நெஞ்சால் அல்ல, கருவிகளுக்கு எல்லை இருப்பதால். ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கலாம். சில மில்லிமீட்டருக்கும் சிறியது எதுவும் ஸ்கேனில் பிடிபடாமல் போகலாம். ஆகவே, ‘பரிசோதனைகளில் நோய் இருப்பதாகத் தெரியவில்லை’ என்பதோடு ஃபைலில் நிறுத்திக்கொள்கிறார்கள். ‘அஞ்சு வருஷம் தாண்டிட்டா பயமில்லை’ என்கிற கணக்கும் எல்லாருக்கும் பொருந்தாது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோயோ 15, 20 ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும். டாமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளை 5 முதல் 10 ஆண்டுவரை எழுதிக்கொடுப்பது அதனால்தான். சி.எம்.எல். எனும் ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் தினமும் இமாடினிப் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பலருக்குச் சிகிச்சை முடிவது என்பதே இல்லை. ஒற்றை வார்த்தையில் இவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்?

இதை அனுபவித்தே எழுதியவர் அமெரிக்க டாக்டர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன். 32 வயதில் அவருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் புற்றுநோய்க் கட்டி. பிழைத்தெழுந்தவர், 1985-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரையில், குணமானவர், குணமாகாதவர் என்று இரண்டே கூறாகப் பிரிப்பது போதாது என்றார். அவர் சொன்னவை மூன்று பருவங்கள்: நோயைக் கண்டறிந்து சிகிச்சை பெறும் காலம், சிகிச்சை முடிந்து நோய் திரும்பிவிடுமோ என்று கவனித்தபடி வாழும் காலம், அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்ட காலம். நம் ஊரில் முதல் பருவத்துக்குச் சாப்பாட்டு கேரியர், கைமாற்று, நேர்த்திக்கடன் எல்லாம் உண்டு. இரண்டாவது பருவம் வந்ததும் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

உண்மையில் அந்தப் பருவத்தில்தான் ஆள் துணை வேண்டும். கீமோ மருந்துகளில் சில, விரல் நுனிகளையும் பாதங்களையும் மாதக்கணக்கில் மரத்துப்போக வைக்கும். சட்டைப் பொத்தான் போடுவதே பெரும்பாடு. ‘கரண்ட் வைத்து’, அதாவது கதிர்வீச்சு முடிந்த பிறகும் களைப்பு எளிதில் விடாது, தூங்கி எழுந்தாலும் தீராது. பேச்சுக்கு நடுவே வார்த்தை மறந்துபோகும். வெளியே பார்த்தால் இது எதுவும் தெரியாது. “பார்க்க நல்லாத்தானே இருக்கே, அப்புறம் என்ன?” என்று வீட்டிலேயே கேட்பார்கள். நோயாளி என்ற சலுகை போய்விட்டது, ஆரோக்கியம் இன்னும் வந்தபாடில்லை.

தங்கள் நோயை மறைக்கிறவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. நோய் பற்றிய பயத்தைப் போக்க முயற்சிகள் நடக்காமலில்லை. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அங்கே பணியாற்றிய டாக்டர் வி. சாந்தா, புற்றுநோய் என்றாலே சாவுதான் என்கிற பயத்தை எதிர்த்து 2021-இல் மறையும்வரை போராடினார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட நடிகை கௌதமி அதை வெளிப்படையாகப் பேசிவருகிறார். ஆனாலும் மகளுக்கு வரன் பார்க்கிற வீட்டில் அம்மாவின் மார்பக அறுவைசிகிச்சை இன்றைக்கும் ‘ஒரு சின்ன ஆபரேஷன்’தான். புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் மட்டுமே என்பதை மாப்பிள்ளை வீட்டாருக்கு யார் சொல்வது?

கேட்பவர் எல்லாருக்கும் ஒரே பதில் தரவேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. மண்டபத்தில் மறித்தவருக்கு, “ட்ரீட்மென்ட் முடிஞ்சிருச்சு. டெஸ்ட்ல இப்போ ஒண்ணும் இல்லை. செக்கப் போயிட்டிருக்கேன்” என்பது போதும். இதில் பொய்யில்லை, பயமுறுத்தலும் இல்லை. அலுவலகத்தில் சக ஊழியர்களுக்கு நோயின் பெயரைவிட, எவ்வளவு வேலை செய்ய முடியும், எந்தத் தேதியில் செக்கப் என்பதுதான் முக்கியம். குழந்தையிடம் ‘இனிமே வரவே வராது’ என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். “மருந்து முடிஞ்சிருச்சு கண்ணு. மறுபடி ஏதாவதுன்னா உன்கிட்ட அம்மா மறைக்க மாட்டேன்” என்றால் அதற்குப் புரியும்.

மறைக்கவே கூடாத இடங்கள் உண்டு. முதலில், எந்த வைத்தியத்துக்குப் போனாலும் அந்த டாக்டரிடம். சிவப்பு நிறத்தில் ஏற்றப்படும் டாக்ஸோரூபிசின் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்களும், எலும்புக்காக ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டவர்களும் பல் பிடுங்கும் முன் சொல்லாவிட்டால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. மருந்துகளின் பெயர், அளவு, தேதி அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, பிரதி எடுத்து வையுங்கள்.

இன்னொரு இடம் காப்பீட்டு விண்ணப்பம். மறைத்தால் பின்னால் க்ளெய்ம் கேட்கும்போது மாட்டிக்கொள்வோம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வரம்பு வைத்திருக்கிறது. பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே. சிகிச்சை முடிந்து 5 ஆண்டுகள் நோய் திரும்பாதவர், வீட்டுக் கடன் காப்பீட்டுக்குத் தன் புற்றுநோயைச் சொல்லவே வேண்டியதில்லை என்று அங்கே 2022-இல் சட்டம் வந்துவிட்டது. நமக்கும் அப்படியொரு சட்டம் தேவை.

கேட்கிறவர்களுக்கு ஒன்று. பல புற்றுநோய்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் இருக்கும். ரிப்போர்ட் வரும்வரை நோயிலிருந்து மீண்டவர்களுக்குத் தூக்கம் இருக்காது. ‘முழுசா சரியாயிடுச்சா’ என்று கேட்பதற்குப் பதில், “அடுத்த செக்கப் எப்போ? நானும் கூட வரட்டுமா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டால், கூடப் போயும் வாருங்கள்.